மூட்டை சுமப்பவன் யாத்திரிகன் அல்லனா?

ஆனி, ஆடி மாதங்களில் ஊவாவின் வீதிகளிலே அரோகரா ஒலி கேட்கத் தொடங்கும். பதுளை, பசறை, நமுனுகுலை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களிலிருந்து சிறு சிறு குழுக்களாக மக்கள் புறப்படுவர். வெல்லவாயவுக்கு இறங்கி, அங்கிருந்து புத்தலையை அடைந்து, யானைகள் நடமாடும் காட்டோர வீதி வழியே கதிர்காமத்துக்கு நடப்பர். பிள்ளையின் நோய் தீர்ந்ததற்காக நடப்போர் உளர். கொழும்புக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து செய்தி வராததற்காக நடப்போரும் உளர். கதிர்காமத்தை எங்கோ தொலைவிலுள்ள தலமாக எண்ணும் பழக்கம் எம்மிடையே உண்டு. உண்மையில் அது மொனராகலை மாவட்டத்தில், ஊவா மாகாணத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஆதலின் இந்த யாத்திரையைப் பற்றிப் பேசுவது ஊவாத் தோட்ட மக்களின் வாழ்வைப் பற்றிப் பேசுவதேயாகும்.

சென்ற ஆண்டு யாத்திரைக் காலத்துக்குச் சற்று முன்னர், பதுளை நகரில் நடந்த ஒரு சமயக் கூட்டத்துக்கு நாம் சென்றிருந்தோம். அங்கு பேசிய பெரியவர் ஒருவர் யாத்திரையின் சீரழிவு பற்றி நெடுநேரம் வருந்தினார். அக்காலத்தில் யாத்திரிகர் தம் மூட்டையைத் தாமே சுமந்து நடந்தனராம். இக்காலத்தில், சிறப்பாகத் தோட்டப் பகுதிகளிலிருந்து வருவோர், மூட்டை முடிச்சுகளை லொறியில் ஏற்றி முன்னே அனுப்பிவிட்டுக் கையை வீசி நடக்கின்றனராம். வாகனம் தீண்டிய யாத்திரை பாதி யாத்திரையே என்றும், அதன் புண்ணியமும் பாதியே என்றும் அவர் தீர்ப்பளித்தார். சபையில் கைதட்டல் எழுந்தது. தட்டிய கைகளில் பெரும்பாலானவை நகரத்தின் கடைகளிலும் காரியாலயங்களிலும் பழகிய கைகள். தோட்டத்திலிருந்து வந்திருந்த சிலர் பின்வரிசையில் தலை குனிந்திருந்தனர்.

அந்தப் பெரியவரின் பக்தியை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவருடைய தீர்ப்பு அநீதியானது. அது மட்டுமன்று, அத்தீர்ப்பு வேறோர் அநீதிக்கு வழியும் திறந்துவிடுகிறது. இவ்விரண்டையும் எடுத்துக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில், குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் செய்வது யாது என்று பார்ப்போம். ஒரு தோட்டத்தின் இருபது முப்பது குடும்பங்கள் பணம் சேர்க்கின்றன. ஒரு சிறு லொறியை வாடகைக்குப் பேசுகின்றன. அரிசி, பருப்பு, சமையற் பாத்திரங்கள், கம்பளிகள், மாற்றுடைகள் ஆகியவற்றை அதில் ஏற்றுகின்றன. நடக்க இயலாத கிழவர் ஒருவரும் சமையல் தெரிந்த இருவரும் அதனுடன் முன்னே சென்று, அடுத்த தங்குமிடத்தில் அடுப்பு மூட்டுகின்றனர். மாலையில் நடந்து வருவோர்க்குச் சோறு ஆயத்தமாக இருக்கிறது. அனைவர் சுமையையும் அனைவரும் சேர்ந்து ஒரு சக்கரத்தின்மேல் ஏற்றிவிட்டார்கள் என்பதற்கு மேல் இதில் என்ன நிகழ்ந்துவிட்டது?

கையை வீசி நடக்கிறார்கள் என்பதே பெரிய குற்றமாகச் சொல்லப்படுகிறது. யாருடைய கை அது? கொழுந்து பறிக்கும் பெண் காலை தொடங்கி மாலைவரை சுமையோடு நிற்பவள். தலையில் கயிறு மாட்டி முதுகிலே கூடையைத் தொங்கவிட்டவள், இப்போது பல இடங்களில் சாக்கைத் தொங்கவிடுகிறாள். மழையில் நனைந்த கொழுந்தின் பாரம் அவள் கழுத்தை அறியும். நிறைந்த சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வழுக்கும் சரிவில் இறங்கிக் கொழுந்து மடுவத்துக்கு வரவேண்டும். அங்கே தராசில் வைத்ததும், சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில கிலோக்களைக் கழித்துவிட்டு எஞ்சியதையே அவள் பெயரில் எழுதுவர். அவள் சுமந்தது முழுச் சுமை. கணக்கில் ஏறுவது குறைச் சுமை. ஆண்டு முழுதும் இவ்வாறு சுமப்பவள் ஆண்டிலே ஒருமுறை, நாலைந்து நாட்கள், சுமையில்லாத தோளோடு தன் மனம் நாடிய இடத்துக்கு நடக்க விரும்பினால், அதைக் கண்டு முகஞ்சுளிக்க யாருக்கு உரிமை உண்டு? தோளிற் சுமையேறி அறியாதவர்க்கு ஒரு நாள் மூட்டை சுமப்பது விரதமாக இருக்கலாம். அவளுக்கோ அது வழக்கமான வேலை நாள்.

இன்னொரு கணக்கும் உண்டு. தோட்டத்தில் வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்று தொழிலாளர் ஆண்டுக்கணக்காகப் போராடி, 2021இல்தான் அதை அடைந்தனர். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. இதற்கிடையே 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் ஏறிய விலையை எல்லோரும் அறிவர். சுமையோடு நடப்பவன் ஆறு நாளில் கடக்கும் வழியைச் சுமையில்லாதவன் நான்கு நாளில் கடப்பானாயின், எஞ்சிய இரண்டு நாட்களின் பொருள் என்ன? இரண்டு பேர். இரண்டு நாட்களின் அடுப்பு. லொறியை வாடகைக்குப் பேசும் குடும்பங்கள் சோம்பலால் அதைச் செய்யவில்லை. கணக்குப் பார்த்தே செய்கின்றன.

மரபுக்கு விரோதம் என்பது அடுத்த வாதம். எது எமது மரபு?

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் நெடும் பாதயாத்திரையை எல்லோரும் அறிவர். ஒன்றரை மாதத்துக்கும் மேற்பட்ட நடை அது. உகந்தை முருகன் கோவிலைக் கடந்ததும் காட்டு வழி தொடங்கும். குமுக்கன், நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று அதன் தங்குமிடங்களை நடந்தவர்கள் மந்திரம்போல ஒப்புவிப்பர். 1983இன் பின்னர் யுத்தத்தால் தடைப்பட்டு, 1988இல் மீண்டும் தொடங்கிய யாத்திரை அது. அந்த வழியில் நடந்த பழைய யாத்திரிகரின் மூட்டை சிறியதாகவே இருந்தது. ஏன் சிறியதாக இருந்தது? வழியிலுள்ள ஊர்கள் அவர்களுக்குச் சோறிட்டன, மடங்கள் இடந்தந்தன, கேணிகள் நீர் தந்தன. யாத்திரிகனுடைய சுமையின் பெரும்பகுதியை நாடே சுமந்தது. அவன் தன் தோளில் வைத்திருந்தது எஞ்சிய சிறு பகுதியை மட்டுமே.

அம்மரபின் மிக உயர்ந்த அடையாளம் ஒன்று உண்டு. அது சுமைதாங்கி. இரண்டு கற்களை நிமிர்த்தி நாட்டி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே படுக்கவைத்திருப்பர். தலைச்சுமையோடு வருபவன் பிறர் உதவியின்றித் தன் சுமையை அதன்மேல் நகர்த்திவைத்து இளைப்பாறலாம்; மீண்டும் தானே தலைக்கு எடுத்துக்கொள்ளலாம். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன கர்ப்பிணியின் நினைவாக அதனை நாட்டுவது தமிழர் வழக்கம். யாழ்ப்பாணத்தின் பழைய தெருக்களில் மடத்துக்கும் கேணிக்கும் அருகே இன்றும் அவற்றைக் காணலாம். சுமப்பவனுடைய நோவைத் தன் நோவாக எண்ணிய சமுதாயம் நாட்டிய கல் அது. "நீ சுமந்தால்தான் உனக்குப் புண்ணியம்" என்று அந்தக் கல் சொல்லவில்லை. "சற்று இறக்கி வை" என்றே சொல்லிற்று. மரபைப் பேசுவோர் இந்தக் கல்லிலிருந்து தொடங்கட்டும்.

பிற நாட்டு யாத்திரைகளும் இதற்கு விலக்கல்ல. மகாராட்டிரத்தில் ஆலந்தியிலிருந்தும் தேகுவிலிருந்தும் பண்டரிபுரத்துக்கு நடக்கும் வார்கரிகள் திண்டி என்னும் குழுக்களாகப் பிரிந்து செல்வர். கூடாரங்களையும் அரிசி பருப்பையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு திண்டியின் லொறி முன்னே செல்லும். நடப்போர் தாளமும் வீணையும் துளசியும் ஏந்திப் பாடிச் செல்வர். அவர்களுடைய பக்தி பாதியாகிவிட்டதென்று எவரும் சொல்லக் கேட்டிலோம். ஸ்பெயின் தேசத்தில் சாந்தியாகோவுக்கு நடக்கும் கத்தோலிக்க யாத்திரிகரின் பைகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குக் கொண்டு சேர்க்கும் வேலையை அந்நாட்டுத் தபாற் சேவையே கட்டணம் பெற்றுச் செய்கிறது. நடப்பது உடலும் உள்ளமும். பையன்று என்பதை உலகம் ஒப்புக்கொண்டு நெடுங்காலமாயிற்று.

அந்தப் பெரியவர் மறந்துவிட்ட வேறொரு நடையும் உண்டு. அது மலையகத் தமிழரின் முதல் யாத்திரை.

கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்ட காலத்தில், தென்னிந்தியாவின் வறண்ட கிராமங்களிலிருந்து புறப்பட்டோர் தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். சட்டி பானையையும் பிள்ளையையும் சேர்த்தே சுமந்தனர். அந்த வழியில் நீண்ட காலம் மடமும் இல்லை, மருந்தும் இல்லை, சுமைதாங்கியும் இல்லை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியோரத்தில் விழுந்தவர் ஆயிரக்கணக்கானோர். சரியான தொகையில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. இறந்தோரை எண்ணிவைக்க வேண்டும் என்ற அக்கறை அக்காலத்து எசமானர்களுக்கு இருந்திருந்தால் இந்த விவாதமே எழுந்திராது. 2023இல், மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் மீண்டும் நடந்தனர். யூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்த அந்த நடையும் ஒரு பாதயாத்திரைதான்.

1901 அளவில் இன்னொரு முறை வந்தது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரத் துண்டு ஒன்றைத் தொழிலாளி அணிந்துவரச் செய்தனர். அதைப் பார்த்து வழியிலுள்ள அதிகாரிகள் அவனைக் குறித்த தோட்டத்துக்கு அனுப்பிவைப்பர். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். முன்னே அனுப்பும் பொதிக்குச் சீட்டுக் கட்டுவோம் அல்லவா? அவ்வாறே மனிதனுக்குச் சீட்டுக் கட்டினர். மூட்டையை முன்னே அனுப்பியவன் என்று இன்று எள்ளப்படுபவனின் பாட்டன், தானே மூட்டையாக முன்னே அனுப்பப்பட்டவன்.

அதே காலத்தில் தேயிலைக்கு எத்தகைய உபசாரம் நடந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் லிப்டன் துரையின் தோட்டத்தில், கொழுந்து மூட்டைகள் கம்பி வழியே மலையிலிருந்து தொழிற்சாலைக்கு இறக்கப்பட்டன. 1894இல் ரயில் பாதை பண்டாரவளையை அடைந்தது; 1924இல் பதுளையை அடைந்தது. குகை குடைந்தும் பாலங்கட்டியும் தெமோதரையில் பாதையை வளைத்தும் அதைக் கொண்டுவந்தது யாருக்காக? தேயிலைப் பெட்டி நனையாமல் துறைமுகம் சேர்வதற்காக. அந்தப் பெட்டியை மலையிலிருந்து சுமந்து இறக்கியவனை எவரும் யாத்திரிகன் என்று அழைக்கவில்லை. அதே பாதையில் பின்னர் வேறு பெட்டிகளும் சென்றன. 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தீர்மானித்தது. மலையகத்து ரயில் நிலையங்களில் தகரப் பெட்டிகளோடு அவர்கள் ஏறிய வண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தனர். நூறு ஆண்டு உழைப்பில் மிஞ்சியது ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிற்று. இந்த மக்களுக்கா சுமையின் அருமையைப் போதிக்கப் புறப்பட்டிருக்கிறோம்?

இவர்களுடைய கதிர்காம யாத்திரைக்குக்கூட ஒரு காலத்தில் தடை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாந்திபேதி பரவும் என்று கூறி ஆங்கில ஆட்சி யாத்திரிகரின் தொகையைக் கட்டுப்படுத்தியது. அனுமதிச் சீட்டு இன்றிச் செல்ல இயலாத நிலை நெடுங்காலம் இருந்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்ஃப், 1910இல் அந்த யாத்திரையை நேரில் இருந்து மேற்பார்வை செய்தார். நோய் அச்சம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. கதிர்காமத்தில் வாந்திபேதி மெய்யாகவே பலரைக் கொன்றது. எனினும் அதே வாந்திபேதி மன்னார் வழியிலும் கொன்றது. அதற்காகத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டதா? இல்லை. தொழிலாளி வேலைக்கு நடந்தபோது நோய் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. தன் கடவுளைத் தேடி நடந்தபோதுதான் அது பெரிய காரணமாயிற்று.

இனி, நாம் முதலில் குறிப்பிட்ட மற்ற அநீதிக்கு வருவோம். லொறி தீண்டினால் புண்ணியம் குறையும் என்ற போதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது? வசதி படைத்தவர்கள் தம் மூட்டையைத் தாமே சுமக்கத் தொடங்கிவிடுகின்றனரா?

அதே யாத்திரைக் காலத்தில் புத்தலைக்கும் கதிர்காமத்துக்கும் இடைப்பட்ட வீதியில் ஒரு குழுவைக் கண்டோம். பதினைந்து பேர் அளவில் இருந்தனர். காவியும் உருத்திராட்சமும் அணிந்து, கையில் ஒரு வேலையோ சிறு செம்பையோ மட்டும் ஏந்தி, வரிசையாக நடந்தனர். வாகனம் எதுவும் உடன் வரவில்லை. அதைத் தம் விரதத்தின் சிறப்பாகவே எம்மிடம் கூறிக்கொண்டனர். அவர்களுக்குப் பின்னால் சற்றுத் தூரத்தில் நான்கு இளைஞர்கள் வந்தனர். ஒரு தடியின் இரு முனைகளிலும் பெரிய பைகளைக் கட்டித் தோளில் வைத்திருந்தனர். தலையிலும் ஆளுக்கொரு மூட்டை இருந்தது. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர்கள். நாட்கூலிக்குப் பேசி அழைத்துவரப்பட்டவர்கள்.

"நீங்களும் யாத்திரை போகிறீர்களா?" என்று கேட்டோம்.

"இல்லைங்க ஐயா. நாங்க சாமி கும்பிட வரலை, சாமான் தூக்க வந்தோம்" என்றான் ஒருவன்.

மறுநாள் அவர்களை மாணிக்க கங்கைக் கரையில் மீண்டும் கண்டோம். யாத்திரிகர் பதினைந்து பேரும் நீராடிக் கோவிலுக்குள் சென்றுவிட்டனர். அவர்களை எதிர்கொண்ட உறவினர் சிலர் மாலையிட்டு அழைத்துச் சென்றனராம். இளைஞர்கள் நால்வரும் பைகளுக்குக் காவலாக மரத்தடியில் அமர்ந்திருந்தனர். முன்னாள் எம்மோடு பேசியவனின் இடுப்பில் மஞ்சள் துணி ஒன்று முடியப்பட்டிருந்தது. விசாரித்தபோது, தாயாருக்கு நெஞ்சு வலி தீர வேண்டி வீட்டில் முடிந்துகொடுத்த காணிக்கைக் காசு என்றான். "உள்ளே போய்ச் செலுத்தவில்லையா?" என்றோம். பைகளை விட்டு நகரக்கூடாதென்பது உத்தரவு என்றான். நாம் அங்கே இருந்து பைகளைப் பார்த்துக்கொண்டோம். நால்வரும் ஆற்றில் இறங்கிக் குளித்துவிட்டு ஓடினர். ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டனர். திரும்பி வரும்போது அவர்கள் நெற்றியில் இருந்த திருநீற்றை, மாலையோடு திரும்பியவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் நால்வரும் அதே வழியை அதே கால்களால் நடந்தவர்கள். மற்றவர் நடந்ததைவிட இரு மடங்கு பாரத்தோடு நடந்தவர்கள். ஆயினும் பதினைந்து பேர் யாத்திரிகர், நால்வர் கூலியாட்கள். வாகனம் தீண்டக்கூடாது, மனிதத் தோள் தீண்டலாம்! எந்திரத்தின்மேல் ஏற்றினால் கெட்டுப்போகும் புண்ணியம், ஏழையின் கழுத்தின்மேல் ஏற்றினால் கெடுவதில்லை! பதுளைக் கூட்டத்தில் பெரியவர் பேசிய பேச்சின் நேரடி விளைவு இது. அவர் இதை விரும்பியிருக்கமாட்டார். ஆனால் சுமையைப் பற்றிப் பேசுகின்றவர் சுமப்பவனைப் பற்றிப் பேசாது விட்டால், அந்த மௌனத்தின் விலையை எவனோ ஒரு தோட்டத்துப் பையன் தோளால் கொடுக்க நேரும்.

முருக வழிபாட்டின் கதைகளை அறிந்தவர்க்கு இது புதிதாகச் சொல்லவேண்டிய செய்தியன்று. முதற் காவடி யாருடையது? இடும்பனுடையது. அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்னும் இரண்டு மலைகளை ஒரு தண்டின் இரு முனைகளிலும் கட்டித் தோளில் சுமந்து தெற்கே வந்தவன் அவன். களைத்துப்போய்ச் சுமையை இறக்கியவன். அச்சுமையால் தனக்கென எதையும் அடைய எண்ணாதவன். பிறர் பணித்த சுமையைச் சுமந்தவன். இக்காலச் சொல்லில் சொன்னால், அவன் ஒரு சுமைகூலி. முருகன் அவனைத் தன் மலையின் காவலனாக்கினான். பழனியில் இடும்பனை வணங்கிய பின்னரே முருகனை வணங்கவேண்டும் என்பது வழக்கம். சுமந்தவனுக்கு முதல் வணக்கம். சுமையில்லாதவனுக்கு அதன் பிறகே தரிசனம். காவடித் தண்டை அலங்கரித்து ஆடுவோர், அதே வடிவில் தம் பைகளைச் சுமந்து பின்னால் வந்தவனைத் திரும்பிப் பார்க்கவில்லையென்றால், அவர்கள் வணங்குவது எந்த இடும்பனை?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "கூலி கொடுத்தோம், அவன் சுமந்தான். வேலையற்ற இளைஞனுக்கு நாலு காசு கிடைத்ததே!" என்பர். கூலிக்குச் சுமப்பது இழிவென்று நாம் கூறவில்லை. கொழும்பு புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிகளில் எம் மலையக இளைஞர் பலர் உளர். நாட்டாமி என்ற சொல் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுச் சொல்லாகவே நிற்கிறது. இரு இனத்தாரும் அந்தத் தொழிலில் தோளோடு தோள் நிற்பதால் அவ்வாறு நின்றது. எவன் சுமந்தாலும் அது உழைப்பு; உழைப்பு மதிப்புக்குரியது. எமது கேள்வி வேறு. எவ்வளவு பாரம்? எத்தனை மணி நேரம்? உணவு யாருடைய பொறுப்பு? கால் பிசகினால் மருத்துவச் செலவு யாருடையது? காணிக்கை செலுத்த அவனுக்கு ஒரு மணி நேரமாவது உண்டா? இக்கேள்விகளுக்கு விடை இல்லாத இடத்தில் கொடுக்கப்படும் காசு கூலியாகாது. அது வாயை அடைக்கும் விலை.

இது நடவாத காரியம் என்றும் சொல்ல இயலாது. பேரு நாட்டில் இன்கா மலைப்பாதையில் உல்லாசப் பயணிகளின் பொதிகளைச் சுமந்தோர் வரம்பின்றிச் சுமக்க நேர்ந்தது. அவர்களுடைய முறையீடுகளின் பின், 2001இல் அந்நாடு சுமைகாரருக்கென்றே ஒரு சட்டம் இயற்றி, ஒருவர் சுமக்கும் பாரத்துக்கு 20 கிலோ என்ற எல்லையை வகுத்தது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967இலேயே தனியொருவர் சுமக்கத்தக்க பாரத்தைப் பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதனோடு வெளியிட்ட பரிந்துரையில், வயது வந்த ஆண் தொழிலாளிக்கு உச்ச எல்லை 55 கிலோ என்றது. தராசு எமக்குப் புதிதன்று. கொழுந்து மடுவத்தில் தொழிலாளியின் சாக்கை நிறுக்க ஒவ்வொரு நாளும் தராசு இருக்கிறது. அவனுடைய கழுத்தின்மேல் ஏறுவதை நிறுக்கவும் அதே தராசைக் கொண்டுவரலாம்.

ஆகவே நாம் வேண்டுவது இவையே. தோட்டக் குழுக்கள் லொறியில் சுமையேற்றி முன்னே அனுப்புவதைக் குறையாகப் பேசுவதை நிறுத்துக. ஆலயங்களும் மண்டபங்களும் அவர்களுடைய பொதிகளை இறக்கிவைக்கப் பாதுகாப்பான இடம் கொடுக்கட்டும். ஆட்களை அமர்த்திச் சுமக்கவைப்போர் பாரத்தின் எல்லையையும் நாட்கூலியையும் உணவையும் புறப்படுமுன்னே பேசி முடிக்கட்டும். சுமந்து வந்தவனுக்கும் நீராடவும் வழிபடவும் நேரம் உண்டு என்பதை அப்பேச்சின் முதல் நிபந்தனையாக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கப்போகும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு சில நாள் விடுமுறை வேண்டும் என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் கையிலெடுக்கட்டும். கடவுள் நம்பிக்கை இல்லாத தோழர்களும் இதில் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை; தொழிலாளி தான் விரும்பிய இடத்துக்குச் சுமையின்றி நடக்கும் உரிமை, எவருடைய நம்பிக்கையையும் பொறுத்ததன்று.

இன்னும் ஒன்று. வெல்லவாயவிலிருந்து கதிர்காமம் வரையுள்ள வீதியில் யாத்திரைக் காலத்தில் சிங்கள மக்கள் தன்சல் வைத்து, வருவோர் யார் எவர் என்று கேளாது உணவும் பானமும் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். பழைய மடங்களையும் தண்ணீர்ப் பந்தல்களையும் எழுப்பிய அதே மனம் அது. இரு மொழி பேசும் உழைக்கும் மக்களும் சேர்ந்து அந்த வீதியில் நிழற் கொட்டில்கள் அமைக்கலாம். குடிநீருக்கு வழி செய்யலாம். அவற்றின் அருகே தோளுயரத்தில் சுமைதாங்கிகளும் நாட்டலாம். மன்னார் வழியில் எம் முன்னோருக்குக் கிடைக்காத கல் அது. இரண்டு நூற்றாண்டு தாமதமாகவேனும் அதை நாட்டுவோம்.

அடுத்த ஆண்டு யாத்திரைக் காலம் வரும். பதுளையில் மீண்டும் கூட்டம் நடக்கும். மூட்டையைப் பற்றி மீண்டும் பேச்சு எழும். அப்போது பின்வரிசையில் தலை குனிந்திருப்போர் எழுந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது எமது விருப்பம். "ஐயா, உங்கள் மூட்டையை இந்தமுறை யார் தூக்கி வருகிறார்கள்?"